தூங்கும் மந்திரங்கள்: எங்கள் மேசைக்கு நான் எழுதிய நாலு ஃபீட்கள்

ஒரு சனிக்கிழமை ராத்திரி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, மேசையில் கிடந்த கேரக்டர் ஷீட்களை அடுக்கி ஃபைலில் வைத்துக்கொண்டிருந்தேன். என் சித்தி பையன் ஆடும் சாசரர் என்ற மந்திரவாதியின் ஷீட்டைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. 5-ஆவது லெவல், தெரிந்த மந்திரங்கள் 6. ஒவ்வொரு தடவை மந்திரம் போடும்போதும் அதன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவான், லாங் ரெஸ்ட், அதாவது கதைக்குள் ஒரு ராத்திரி ஓய்வு, எடுத்ததும் அழித்துவிடுவான். ஷீல்ட், மிஸ்டி ஸ்டெப், ஃபயர்பால் மூன்றுக்கும் பக்கத்தில் அழித்து அழித்துக் காகிதம் நைந்து கிழிகிற நிலையில் இருந்தது. வேஷம் மாற்றும் டிஸ்கைஸ் செல்ஃப், சொன்னபடி கேட்க வைக்கும் சஜெஷன், பறக்க வைக்கும் ஃப்ளை மூன்றுக்கும் பக்கத்தில் வாங்கின அன்றைக்கு இருந்த வெள்ளை அப்படியே இருந்தது. அந்த ஷீட்டை வைத்து எட்டு சனிக்கிழமை ஆடியிருந்தோம்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்துதான் மந்திரவாதிகளுக்கான ஃபீட்களை நானே எழுத ஆரம்பித்தேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடாதவர்களுக்காக ஒரு வரி: ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம் இது, லெவல் ஏறும்போது நம் கதாபாத்திரம் எடுத்துக்கொள்ளும் தனித்திறமைதான் ஃபீட். புத்தகத்தில் இருப்பது போதாது என்று அந்தந்த மேசையில் சொந்தமாக எழுதிக்கொள்வது ஹோம்ப்ரூ. நாங்கள் 2014-இல் வந்த 5-ஆவது பதிப்பின் விதிகளோடு, 2020-இல் வந்த டாஷா என்ற கூடுதல் விதிப் புத்தகத்தையும் சேர்த்து ஆடுகிறோம். நான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். ஆடுபவர்கள் நாலு பேர்: சாசரர் ஆடும் தம்பி, ஏட்டில் மந்திரங்களை எழுதி வைத்துக்கொள்ளும் விஸார்ட் ஆடும் என் கல்லூரித் தோழி, ஒளிக் கடவுளின் பூசாரியான லைட் டொமைன் கிளெரிக் ஆடும் அலுவலக நண்பர், போர்வீரரான ஃபைட்டர் ஆடும் அவருடைய மனைவி.

முதலில் அந்த மூன்று மந்திரங்கள் ஏன் தூங்கின என்று யோசித்தேன். 5-ஆவது லெவலில் முழு மந்திரவாதி எவருக்கும் ஒரு நாளைக்கு 9 ஸ்லாட், அதாவது மந்திரம் போட 9 வாய்ப்பு. மந்திரங்களுக்கும் தனியாக லெவல் உண்டு: முதல் லெவலில் 4, இரண்டில் 3, மூன்றில் 2. ஃபயர்பாலும் ஃப்ளையும் மூன்றாம் லெவல் மந்திரங்கள், அந்த லெவலில் இருப்பதோ 2 ஸ்லாட். ஃபைட்டரைப் பறக்கவிட்டால் ஒரு ஃபயர்பால் போச்சு. எவனுக்கு மனசு வரும்? சஜெஷனுக்கு வேறு சிக்கல், அதற்கு கான்சென்ட்ரேஷன் வேண்டும், அதாவது மனசு ஒரே மந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இன்னொன்றைப் பிடித்தால் முதலாவது நழுவிவிடும். டிஸ்கைஸ் செல்ஃப் கையில் இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சாசரருக்கு இந்தப் பிரச்சினை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது மந்திரத்துக்கான யோசனை ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து வந்தது. மந்திரவாதி காலையில் மந்திரத்தைப் படித்து மனசில் ஏற்றிக்கொள்வார், ஒரு தடவை சொன்னதும் அது மனசை விட்டுப் போய்விடும். இரண்டு ஃபயர்பால் வேண்டுமென்றால் காலையிலேயே இரண்டு தடவை ஏற்றிக்கொள்ள வேண்டும். 2000-இல் 3-ஆவது பதிப்பு வந்தபோது அந்தக் கஷ்டம் இல்லாத ஒருவராக சாசரரை உருவாக்கினார்கள். அவருக்குத் தெரிந்தது கொஞ்சம், ஆனால் தெரிந்ததை எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும், ஸ்லாட் இருக்கும்வரை போடலாம். விஸார்டைவிட ஸ்லாட்டும் அதிகம். நியாயமான பேரம்.

5-ஆவது பதிப்பில் விஸார்டும் அப்படியே ஆகிவிட்டார். காலையில் ஒரு பட்டியல் தயார் செய்துகொண்டால் போதும், அதிலிருந்து எதை வேண்டுமானாலும் அதன் லெவலிலோ அதற்கு மேலேயோ உள்ள எந்த ஸ்லாட்டிலும் போடலாம். சாசரருக்கு இருந்த சுதந்திரம் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது, அவருடைய குறைந்த பட்டியல் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது. 5-ஆவது லெவலில் இன்டெலிஜென்ஸ் 18 உள்ள விஸார்ட் 9 மந்திரங்களைத் தயார் செய்யலாம், அதையும் தினமும் மாற்றலாம், ஏட்டில் குறைந்தது 14 இருக்கும். சாசரருக்கு 6. 20-ஆவது லெவலில்கூட 15. மெட்டாமேஜிக் என்று ஒரு ஈடு கொடுத்தார்கள், அது அழகானதுதான், ஆனால் தெரிந்த மந்திரத்தை வளைக்கத்தான் அது உதவும். 2024 புத்தகத்தில் இதைச் சரி செய்திருக்கிறார்கள்: 5-ஆவது லெவலில் சாசரருக்கும் 9, விஸார்டுக்கும் 9. நாங்கள் பாதி கேம்பெயினில், அதாவது ஒரு நீண்ட கதையின் நடுவில், இருந்ததால் மாறவில்லை.

சரி, என் முதல் ஃபீட்டுக்கு வருகிறேன். தெரிந்தது குறைவு என்பதுதான் நோய் என்று முடிவுகட்டி, நிறையக் கொடுத்தேன். ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு இரண்டு தடவை, சாசரர் பட்டியலில் உள்ள எந்த மந்திரத்தையும், தெரியாவிட்டாலும், ஸ்லாட் செலவழித்துப் போடலாம். எழுதி முடித்தபோது எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. தம்பிக்கு அனுப்பினேன், அவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "அண்ணா, செம!" என்று பதில் போட்டான்.

இரண்டு வாரம் கழித்து, பாதி தண்ணீரில் மூழ்கிய சுரங்கம் ஒன்றின் வாசலுக்கு வந்தார்கள். தோழியின் விஸார்ட் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய கோயில் அறையில் கண்டெடுத்த ஏட்டிலிருந்து, தண்ணீருக்குள் மூச்சுவிட வைக்கும் வாட்டர் பிரீதிங் மந்திரத்தைத் தன் ஏட்டில் படியெடுத்து வைத்திருந்தாள். மூன்றாம் லெவல் மந்திரம், படியெடுக்க விதிப்படி 150 பொன், 6 மணி நேரம். அப்போது குழுவிடம் இருந்த பணத்தில் அது பெரிய தொகை. "எதுக்கு இது? கடலே இல்லையே" என்று மற்றவர்கள் கேட்டும் எடுத்து வைத்திருந்தாள். சுரங்கத்தில் தண்ணீர் என்று நான் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது, ஷீட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். அதற்குள் தம்பி, "இருங்க, ஃபீட் இருக்கே, நான் வாட்டர் பிரீதிங் போடறேன்" என்றான். அந்த மந்திரம் சாசரர் பட்டியலிலும் இருக்கிறது. பத்து பேருக்கு, 24 மணி நேரத்துக்கு, ஒரே ஆக்‌ஷனில் முடிந்தது.

தோழி ஒன்றும் சொல்லவில்லை. ஷீட்டைத் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு மிச்ச நேரம் அவள் குரல் சன்னமாகத்தான் கேட்டது.

தம்பி மேல் தப்பே இல்லை. நான் எழுதிய விதி அவனை அப்படிச் செய்யச் சொன்னது. ஒருவருக்கு எல்லாமும் முடியும் என்று ஆக்கினால், அந்த "எல்லாம்" பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையிலிருந்துதான் வருகிறது, வேறெங்கிருந்தும் வருவதில்லை. அது போக, எந்தத் தடை வந்தாலும் தம்பி முழுப் பட்டியலையும் மொபைலில் தேட ஆரம்பித்ததால் சண்டைகள் அப்படியே நின்றன, "ஒரு நிமிஷம்ண்ணா, லிஸ்ட் பாத்துக்கறேன்" என்பது அன்றாடப் பேச்சாகிவிட்டது. இன்னொன்றையும் கவனித்தேன். ஷீட்டில் டிஸ்கைஸ் செல்ஃப், சஜெஷன், ஃப்ளை பக்கத்தில் காகிதம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. புதுசு இருக்கும்போது பழசை யார் தொடுவார்கள்?

வெளியீட்டாளர்களுக்கே இந்த யோசனை வந்திருக்கிறது. 2019 நவம்பரில் சோதனைக்காக ஒரு ஆவணம் விட்டார்கள், அதில் சாசரர் முதலானோர் லாங் ரெஸ்ட் முடிக்கும்போது தெரிந்த மந்திரம் ஒன்றை வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது. அடுத்த வருஷம் டாஷா புத்தகம் வந்தபோது அந்த விதி அதில் இல்லை. என் சுரங்கத்துக்குப் பிறகு, அவர்கள் விட்டது சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கப்புறம் ஃபீட் எழுதும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி மாறிவிட்டது. இவருக்கு இன்னும் எத்தனை மந்திரம் கிடைக்கும் என்று கேட்பதில்லை. இவர் ஷீட்டில் தூங்கும் மந்திரங்களில் எத்தனை எழுந்திருக்கும்? பன்முகத்தன்மை என்று நாம் சொல்வது மேசையில் உண்மையில் நடக்கும் விஷயம், ஷீட்டில் எழுதியிருக்கும் விஷயமாக இருந்து பிரயோஜனமில்லை. அதை அளக்க எனக்குக் கிடைத்த கருவி பென்சில் கோடுகள். இப்போது எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன், கோட்டை அழிக்காதீர்கள், புதுக் காகிதம் தருகிறேன் என்று. நாலு ஆட்டத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன்.

விலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹோம்ப்ரூ எழுதுபவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 2014 விதிகளில் ஃபீட் பொதுவாகச் சும்மா வருவதில்லை. 4, 8, 12, 16, 19 என்ற லெவல்களில் திறன் எண் ஏற்றம் வரும், அதை விட்டுக்கொடுத்தால்தான் ஃபீட். எங்கள் கேம்பெயின் எதுவும் 11-ஐத் தாண்டியதில்லை, ஆக ஒரு மந்திரவாதிக்கு வாழ்நாளில் இரண்டே இரண்டு வாய்ப்பு. 4-ஆவது லெவலில் சாசரரின் மந்திரத் திறனான கரிஸ்மாவை 16-இலிருந்து 18 ஆக்கினால் எல்லா மந்திரமும் கொஞ்சம் பலமாகும், ஒவ்வொரு பகடையிலும் அது தெரியும். அதை விட்டுவிட்டு ஒருவர் உங்கள் ஃபீட்டை எடுக்கிறார் என்றால், அடுத்த சனிக்கிழமையே அவருக்கு அது உறைக்க வேண்டும். டாஷா புத்தகத்தின் ஃபே டச்ட் இதற்கு நல்ல அளவுகோல்: திறனில் 1 ஏறும், மிஸ்டி ஸ்டெப்பும் முதல் லெவல் மந்திரம் இன்னொன்றும் கிடைக்கும், ஒவ்வொன்றையும் நாளுக்கு ஒரு தடவை ஸ்லாட் இல்லாமல் போடலாம், அதற்கு மேல் ஸ்லாட் கொடுத்தும் போடலாம். நான் எழுதும் எதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இதைவிடக் கனமாக இருந்தால் குறைப்பேன், இதன் பக்கத்தில் வைத்தால் யாரும் சீண்டமாட்டார்கள் என்றால் ஏற்றுவேன்.

முதல் ஃபீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு எழுதியதற்கு "மூன்று ஓலை" என்று பெயர். கரிஸ்மாவில் 1 ஏறும். எடுக்கும்போதே, உன் வகுப்புப் பட்டியலிலிருந்து நீ போடக்கூடிய லெவலில் மூன்று மந்திரங்களைத் தேர்ந்து ஓலையாக எழுதி வைத்துக்கொள். லாங் ரெஸ்ட் முடிக்கும்போது ஓர் ஓலையை எடுக்கலாம், ஆனால் உனக்குத் தெரிந்த மந்திரங்களில் அதே லெவலிலோ அதற்கு மேலேயோ உள்ள ஒன்றை அன்றைக்கு உறங்க வைக்க வேண்டும். லெவல் ஏறும்போது ஓர் ஓலையை மாற்றலாம். முடிந்தது.

முதலில் கரிஸ்மா 1 இல்லாமல்தான் எழுதினேன், தம்பி படித்துவிட்டு நாசூக்காக, "நல்லா இருக்குண்ணா, ஆனா 18 தான் எடுப்பேன்" என்றான். அவன் சொன்னது சரி. 1 சேர்த்ததும் எடுத்துக்கொண்டான். 2024 புத்தகத்தில் 4-ஆவது லெவலிலிருந்து எடுக்கும் பொது ஃபீட்கள் எல்லாவற்றிலும் இந்த 1 இருக்கிறது, அவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது உறங்க வைக்கும் பகுதி. மூன்றாம் லெவல் ஓலையை எடுக்க வேண்டுமென்றால் ஃபயர்பாலையோ ஃப்ளையையோ விட வேண்டும். கூடாரத்தில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும்போது, நாளைக்கு எங்கே போகிறோம், அங்கே என்ன இருக்கும், யாரிடம் விசாரித்தோம் என்று தம்பி கேட்க ஆரம்பித்தான். முன்பெல்லாம் லாங் ரெஸ்ட் என்றால் ஃபோனை எடுத்துவிடுவான். மூன்று மந்திரங்களில் ஒன்று என்பதால் தேடலும் இல்லை, முடிவு அரை நிமிஷத்தில் வந்துவிடுகிறது. விதியில் எழுதாத ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டோம்: இன்னொருவர் ஏட்டில் உள்ள மந்திரத்தை ஓலையில் எழுதுவதற்கு முன்னால் அவரைக் கேட்க வேண்டும். இதை விதியாக எழுதிப் பார்த்தேன், அசிங்கமாக இருந்தது. பேச்சில் தீர்கிற விஷயம் பேச்சிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது கிளெரிக்குக்காக. லைட் டொமைன் எடுத்தவர்களுக்குத் தெரியும், அதில் தனியாகக் கிடைக்கும் தாக்கும் மந்திரங்கள் பர்னிங் ஹேண்ட்ஸ், ஃப்ளேமிங் ஸ்பியர், ஸ்கார்ச்சிங் ரே, ஃபயர்பால் என்று நெருப்பாகவே இருக்கும். நெருப்பு உறைக்காத பிசாசுகள் வரும் பகுதிக்குக் கதை நகர்ந்ததும் நண்பர் காயம் ஆற்றுபவராக மட்டும் ஆகிவிட்டார். புத்தகத்தில் எலிமென்டல் அடெப்ட் என்று ஒரு ஃபீட் இருக்கிறது: தேர்ந்தெடுத்த வகைக்கான எதிர்ப்பைக் கண்டுகொள்ளத் தேவையில்லை, பகடையில் 1 விழுந்தால் 2 என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு போட்டுப் பாருங்கள், ஆறுமுகப் பகடையின் சராசரி 3.5-இலிருந்து 3.67 ஆகும், 8 பகடை ஃபயர்பாலில் 28 என்பது 29-ஐக் கொஞ்சம் தாண்டும். எதிர்ப்பு இருப்பவரிடம் நன்றாக வேலை செய்யும். முழுக்க உறைக்காதவரிடம் ஒன்றும் நடக்காது.

நான் எழுதிய "மாற்றுத் தீ" இப்படி: ஸ்லாட் செலவழித்துப் போடும் மந்திரம் அமிலம், குளிர், நெருப்பு, மின்னல், இடி இவற்றில் ஒன்றால் காயம் செய்தால், போடும்போதே அதை இந்த ஐந்தில் வேறொன்றாக மாற்றலாம். மாற்றினால் காயப் பகடைகளில் கால்வாசி குறையும், பின்னம் வந்தால் மேலே ஏற்றிக்கொள். 8 பகடை 6 ஆகும், 3 பகடை 2 ஆகும்.

அந்தக் கால்வாசிக்கு வந்து சேர எனக்கு ஒரு மாதம் ஆனது. ஃபயர்பால் சராசரி 28. எதிர்ப்பு இருந்தால் பாதி, 14. மாற்றினால் 6 பகடை, 21. ஆக எதிரியைப் பற்றித் தெரிந்தால் மாற்றுவது லாபம், தெரியாமல் மாற்றினால் 7 நஷ்டம். பாதியாகக் குறைத்திருந்தால் எதிர்ப்பு உள்ளவரிடம் மாற்றியும் அதே 14தான், அங்கே யாரும் மாற்றமாட்டார்கள். குறைக்காமலே விட்டிருந்தால் எப்போதும் இடியாகவே போடுவார்கள், இடியைத் தாங்கும் பிராணிகள் குறைவு. இன்னொரு விஷயம், 2014-இன் டிஎம் வழிகாட்டியில் புது மந்திரம் எழுதுபவர்களுக்கு ஒரு அட்டவணை இருக்கிறது, அதில் பலரைத் தாக்கும் மூன்றாம் லெவல் மந்திரத்துக்கு 6 ஆறுமுகப் பகடை என்று போட்டிருக்கிறார்கள். ஃபயர்பால் வேண்டுமென்றே 8-ஆக இருக்கிறது. என் ஃபீட்டால் அதைக் குளிர்பந்தாக மாற்றினால் சரியாக அந்த 6-க்கு வந்து நிற்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை விதி எழுதிப் பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

நண்பர் ஒளியையும், அதாவது ரேடியன்ட் வகையையும், பட்டியலில் சேர்க்கச் சொன்னார். ஒளிக் கடவுளின் பூசாரிக்கு ஒளி இல்லையா என்று கேட்டார், கேள்வி நியாயம்தான். ஆனாலும் மறுத்துவிட்டேன். ரேடியன்ட் பட்டால் வாம்பயரின் காயம் தானாக ஆறுவது நிற்கும், ஸோம்பி செத்துப் பிழைக்கும் வித்தை பலிக்காது, இந்த மாதிரி கூடுதல் வேலைகள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வகையை மாற்றும் ஃபீட் வகையை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஸ்கார்ச்சிங் ரே மட்டும் தலைவலி கொடுத்தது, மூன்று கதிர், கதிருக்கு 2 பகடை, எங்கே குறைப்பது? மொத்தம் 6, கால்வாசி ஒன்றரை, ஏற்றினால் 2, அதாவது ஒரு கதிரை விட்டுவிடு. அவர் ஷீட்டில் பர்னிங் ஹேண்ட்ஸ் இப்போது மறுபடி கோடு வாங்குகிறது, பெரும்பாலும் குளிராக.

சாசரருக்கு இந்த ஃபீட் வேண்டாம் என்று தம்பியிடம் நானே சொன்னேன். டாஷாவில் டிரான்ஸ்மியூட்டட் ஸ்பெல் என்ற மெட்டாமேஜிக் ஒரே ஒரு சாசரி பாயின்ட்டுக்கு, பகடை எதுவும் குறையாமல் இதைச் செய்துவிடும். அது அவருடைய சொத்து. மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது அவருக்கு இருப்பதைவிட விலை கூடுதலாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மூன்றாவதுதான் என் மனசுக்கு நெருக்கமானது. கான்சென்ட்ரேஷனைத் தொடும் ஃபீட் எழுத எல்லோருக்கும் ஆசை வரும், ஒரே நேரத்தில் இரண்டு மந்திரத்தைப் பிடிக்கவிடு என்பதுதான் முதலில் தோன்றும். வேண்டாம். 5-ஆவது பதிப்பு மந்திரவாதிகளுக்குப் போட்டிருக்கும் முக்கியமான கடிவாளம் அது, அவிழ்த்தால் ஃபைட்டர் ஆடுபவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆனால் மந்திரங்கள் தூங்கக் காரணமும் அதுவேதான். ஒன்றைப் பிடித்துவிட்டால் அதை விட யாருக்கும் மனசு வருவதில்லை, குறிப்பாக விட்டால் நண்பன் கீழே விழுவான் என்னும்போது.

"கடைசி மூச்சு" என்று பெயர் வைத்தேன். கான்சென்ட்ரேஷனில் ஒரு மந்திரம் இருக்கும்போது, ஸ்லாட் செலவழித்து கான்சென்ட்ரேஷன் தேவைப்படும் இன்னொரு மந்திரத்தைப் போட்டால், பழையது உடனே முடியாது, உன் அடுத்த முறையின் கடைசிவரை நீடிக்கும். அந்த இடைவெளியில் கான்சென்ட்ரேஷன் உடைந்தால் இரண்டும் சேர்ந்து போகும். அடிபட்டு உடைந்த மந்திரத்துக்குக் கடைசி மூச்சு கிடையாது.

"அடுத்த முறையின் கடைசிவரை" என்ற சொற்களுக்காக நிறைய அடித்து எழுதினேன். "அடுத்த முறையின் தொடக்கம்வரை" என்று எழுதினாலும் எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கும், ஆனால் மந்திரம் போட்டவருக்கே, தான் பறந்துகொண்டிருந்தால், இறங்க நேரம் இருக்காது. ஹோம்ப்ரூவில் இந்த மாதிரி இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பகடை உருட்டுவதற்கு முன்னாலா, பின்னாலா? போடும்போதா, போட்ட பிறகா? சந்தேகம் வரும் இடத்தில் மேசையில் சண்டை வரும், அதனால் எழுதியதை விதி தெரியாத என் மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். அவள் எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்கிறாளோ அந்த இடத்தைத் திருத்துவேன்.

இந்த ஃபீட் எழுந்து நின்றது ஒரு பள்ளத்தாக்கில். ஃபைட்டர் தம்பியின் ஃப்ளையில் 60 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தார், எதிர்ப்பக்கப் பாறையில் கொள்ளைக்காரர்களின் தலைவன் வில்லோடு. சண்டை கைமீறிக்கொண்டிருந்தது. தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு ஒரே ஒரு டர்ன் இருக்கு, அதுக்குள்ள பாறைக்குப் போயிடுவீங்களா?" என்று கேட்டான். ஃப்ளையில் வேகம் 60 அடி. அக்கா கட்டத்தை எண்ணினார், ஒன்று, இரண்டு, பென்சில் முனையால், பதினொன்று கட்டம், 55 அடி. "போயிடுவேன், போடு" என்றார். தம்பி சஜெஷன் போட்டான், உன் ஆட்கள் களைத்துவிட்டார்கள், கூட்டிக்கொண்டு முகாமுக்குத் திரும்பிப் போ என்று. தலைவனின் சேவிங் த்ரோவை, அதாவது மந்திரத்தைத் தடுக்க உருட்டும் பகடையை, நான் திறந்தே உருட்டினேன், 6 விழுந்தது, போதவில்லை. அக்கா பாறை விளிம்பில் கால் வைத்தார், அடுத்த சுற்றில் ஃப்ளை அணைந்தது. முன்பு மாதிரி என்றால் 60 அடிக்கு 6 ஆறுமுகப் பகடை, சராசரி 21, அந்த லெவல் ஃபைட்டருக்குக் கிட்டத்தட்ட பாதி உயிர். தூங்கிக்கொண்டிருந்த மூன்றில் இரண்டு ஒரே சுற்றில் எழுந்துவிட்டன. அன்றைக்கு ராத்திரி அந்த இரண்டு கோட்டை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஓட்டைகள் தேடினோம். ஒவ்வொரு சுற்றும் புதுசு போட்டு எப்போதும் இரண்டைக் கையில் வைத்திருக்கலாமே என்று தோழி கேட்டாள். வைத்திருக்கலாம், ஆனால் சுற்றுக்கு ஒரு ஸ்லாட் கரையும், நாளுக்கு 9 தான், அதனால் தனியாக எண்ணிக்கை வரம்பு வைக்கவில்லை. ஹேஸ்ட் என்ற வேக மந்திரம் முடியும்போது வரும் களைப்பு தள்ளிப்போகும், காணாமல் போகாது. டிஸ்கைஸ் செல்ஃப் இன்னும் தூங்குகிறது. அதை ஃபீட்டால் எழுப்ப முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதற்கு நான் முகமூடி விருந்தோ காவல் சாவடியோ கதையில் வைக்க வேண்டும், அது டிஎம் வேலை.

நாலாவது தோழிக்காக, கொஞ்சம் தாமதமாக. விஸார்டுக்கு எதற்கு இன்னும் என்று நானே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் ஷீட்டைப் பார்த்தால் ரிச்சுவல் மந்திரங்கள் வரிசையாகத் தூங்குகின்றன. ரிச்சுவலாகப் போட்டால் ஸ்லாட் வேண்டாம், விஸார்டுக்கு ஏட்டில் இருந்தாலே போதும், தயார் செய்யக்கூட வேண்டாம், ஆனால் வழக்கத்தைவிட 10 நிமிஷம் கூடுதலாக ஆகும். ஆபத்தில் 10 நிமிஷம் யாரிடம் இருக்கிறது? "அவசரச் சடங்கு": இன்டெலிஜென்ஸில் 1 ஏறும், லாங் ரெஸ்ட்டுக்கு ஒரு தடவை, ஒரு ரிச்சுவலை 10 நிமிஷத்துக்குப் பதிலாக ஒரே நிமிஷத்தில் முடிக்கலாம். ஒரு நிமிஷம் என்பது 10 சுற்று. விதிப்படி ஒவ்வொரு சுற்றும் ஆக்‌ஷனை அதற்கே கொடுக்க வேண்டும், கான்சென்ட்ரேஷனும் வேண்டும், அடிபட்டால் 10-ஐயோ காயத்தில் பாதியையோ, எது அதிகமோ அதை உருட்டி எட்ட வேண்டும். சண்டையின் நடுவில் முடியும், ஆனால் தனியாக முடியாது, மற்ற மூன்று பேரும் சுற்றி நின்றால்தான் முடியும். அதற்காகவே 10 சுற்று என்று வைத்தேன், 5 என்று எழுதி அடித்தேன்.

8-ஆவது லெவலில் அவள் அதை எடுத்தாள். போன மாதம் அணைக்கட்டு ஒன்றின் அடியில் மாட்டிக்கொண்டார்கள், மதகை யாரோ திறந்துவிட்டார்கள், தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது, கதவுப்பக்கம் காவலாளிகள். தம்பியிடம் வாட்டர் பிரீதிங் ஓலை இல்லை. எழுதும்போது அவளைக் கேட்டான், அவள் "அது என்னோடது" என்று சொல்லியிருந்தாள். ஏட்டை விரித்து வைக்கிறேன் என்றாள். நான் ஒரு பெரிய பத்துமுகப் பகடையை மேசை நடுவில் வைத்து 10-ஐ மேலே திருப்பினேன். ஒவ்வொரு சுற்றிலும் அதைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 7-இல் அம்பு ஒன்று அவள் மேல் பட்டது, 10 வேண்டும், 12 விழுந்தது. 4-இல் தண்ணீர் மார்பு வரை. 3-இல் கிளெரிக் அவள் முன்னால் வந்து நின்று ஏட்டைத் தன் கேடயத்தில் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்றார், அதற்கு விதியில் ஒன்றும் இல்லை, சரி என்றேன். 1-இல் தண்ணீர் தலைக்கு மேலே போனது. அடுத்த சுற்றில் அவள் கையை நீட்டி நாலு பேர் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள், கடைசியில் தன் பெயரை. அப்புறம் பென்சிலை எடுத்து, வாட்டர் பிரீதிங் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள்.